ஷார்ட் ஸ்டாப்பின் இடம்

தலையிலோ முகத்திலோ பந்து பட்டுச் சிகிச்சை பெற்ற ஆட்டக்காரரை, உரிய மருத்துவரின் தகுதிச் சான்று வரும்வரை தேர்வுக்கு அழைக்கக் கூடாது. எங்கள் மாவட்டப் பேஸ்பால் சங்கத்தின் துணைவிதிகளில் பதினான்காவது இது. அதற்கு அடுத்த விதி, தேர்வு நாளன்று களத்தில் இறங்காதவரின் பெயர் அணிப் பட்டியலில் இடம்பெறாது என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதும், பின்னால் எழுதியவர் முன்னால் எழுதியவரைப் படிக்கவில்லை என்பதும் என்னைப் போல் காலமெல்லாம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு பெண் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்றாவது விதி எதுவும் இல்லை.

கல்வித் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில் சங்கத்தார் என்னைத் தேர்வுக் குழுவில் சேர்த்தார்கள். எனக்குப் பேஸ்பால் தெரியாது என்று சொன்னேன். அது ஒரு தடையே இல்லை என்றார்கள். முந்தைய ஆண்டுத் தேர்வைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது. நடைமுறை தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குழுவில் மூன்று பேர். ஒருவர் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. மிச்சம் நானும் பயிற்சியாளரும். பயிற்சியாளர் ஆம்பூர்க்காரர், சின்னதாகத் தோல் பட்டறை வைத்திருப்பவர், இளமையில் மாநில அணிக்கு ஆடியவர். பெண்களுக்கு அவர் மாஸ்டர்; மற்ற எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே.

எங்களுடையது பெண்கள் அணி. போன ஆண்டு மாநிலப் போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. தோற்ற விதத்தைப் பற்றி யாரும் விளக்கமாகப் பேசவில்லை. பெரிய பெண்களில் பாதிப் பேர் வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அணியை அடியிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும் என்றார் பாய். முக்கியமாக உள்வட்டத்தை. ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ் என்று மூன்று மூலைகள், மூலைக்கு ஒருத்தி. செகண்டுக்கும் தேர்டுக்கும் இடைவெளியில் நிற்பவள் ஷார்ட் ஸ்டாப். மட்டையில் பட்ட பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு வருவது இவர்கள் மேல்தான். நான்கு இடம், ஒரு மாற்று ஆள். ஆடுவதற்கு ஆறு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியை வெளியே அனுப்ப வேண்டும்.

முதல் நாளே எனக்குப் பயம் வந்தது. பாலாற்றங்கரையை ஒட்டிய மைதானம் அது. தரையெல்லாம் கூழாங்கல். பாய் மட்டையால் அடிப்பார். பந்து ஒரு கல்லில் பட்டு இடதுபுறம் போகும், அடுத்த கல்லில் பட்டுத் தாடைக்கு எழும்பும். அந்தப் பந்து கிரிக்கெட் பந்துக்கு அண்ணன். நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேர்ட் பேஸுக்குப் பின்னால் போட்டிருந்தேன். அன்று மாலைக்குள் அதை மரத்தடிக்கும், மறுநாள் மரத்துக்குப் பின்னாலும் நகர்த்தினேன். பாய் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், இன்னும் கொஞ்சம் போனா காட்பாடி ஸ்டேஷன் வந்துடும்."

பெண்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஷார்ட் ஸ்டாப். விரிஞ்சிபுரத்துப் பெண், பிளஸ் டூ. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. பந்து எங்கே போகிறது, யார் எடுக்க வேண்டும், எங்கே எறிய வேண்டும் என்று கத்திக்கொண்டே இருப்பாள். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு. இந்த முறை மாவட்ட அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கலாம். ஆடாவிட்டால், அம்மா போகும் அதே கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட். இதை என்னிடம் சொன்னவள் அவளேதான், சிரித்துக்கொண்டே. "அந்த பஸ்ல ஜன்னல் சீட்டும் கெடைக்காது சார்."

கையுறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தின் பழைய கையுறைகள் பலகை போல இருந்தன. கை வலிக்கிறது என்று பெண்கள் முனகினார்கள். உலகத்துக்கே செருப்பு தைத்து அனுப்புகிற ஊரில் ஒரு கையுறை தைக்க முடியாதா என்று பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டறையில் தானே வெட்டி, தானே தைத்து, உள்வட்டத்துக்கு முழு செட் கொண்டுவந்தார். பழையவை சாக்கில் கட்டப்பட்டுக் கிடங்குக்குப் போயின. புதியவற்றில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சோல் தோல் இல்ல சார். அப்பர். வெளிநாட்டுக்காரன் கால்ல மேல போத்திக்கிற தோல். கன்னத்துல வெச்சிப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். குழந்தையின் கன்னம் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு தோலைப் புகழ வேண்டுமென்றால் சொல்வதற்கு ஒரே வார்த்தைதான் உண்டு, சாஃப்ட். கட்டை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லுவார்கள். நானும் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். பாய் முகம் மலர்ந்தது.

அது நடந்த அன்று நான் மரத்துக்குப் பின்னால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எனவே நான் எதையும் பார்க்கவில்லை, கேட்டேன். மட்டையில் பந்து படும் சத்தம். "என்னுது" என்று ஷார்ட் ஸ்டாப்பின் குரல். அப்புறம் ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல ஒன்று. அப்புறம் எதுவுமில்லை. அந்தப் பெண்ணின் குரல் இல்லாத மைதானத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன் என்று நினைக்கிறேன். பிற்பாடு அது மரத்தடியிலேயே பரவிக் கிடந்ததாகச் சொன்னார்கள்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்து எலும்பின்மேல், கண்ணுக்குச் சற்றுக் கீழே. நான் போய்ச் சேர்வதற்குள் கண் மூடிக்கொண்டுவிட்டது. வீக்கம் நாம் பார்க்கும்போதே வளரும் என்று எனக்குத் தெரியாது.

"பந்த பாக்காம உட்டுட்டா சார்," என்றார் பாய். "கண்ண எடுத்துட்டா."

"இல்ல மாஸ்டர், கை கரெக்டாதான் வெச்சேன்," என்றாள் அவள். அதையே ஆட்டோவில் வேலூர் போகும் வழியெல்லாம் சொன்னாள். கை கரெக்டாத்தான் சார் வெச்சேன். கண் தெரியுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அவளுடைய கையுறை என் மடியில் இருந்தது. அங்கே வேறு வேலை இல்லாததால் இடது கையை அதற்குள் நுழைத்தேன். பெண்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன், பந்து வருவதற்கு முன்னால் வலது கை முஷ்டியால் கையுறையின் குழியில் ஓங்கிக் குத்துவார்கள். நானும் குத்தினேன்; பழக்கமில்லாத கை, குறி தவறி வலையில் பட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் அந்த வலை வாய் பிளந்து, என் முஷ்டி மணிக்கட்டு வரை மறுபக்கம் வந்தது. திரும்பவும் குத்தினேன். திரும்பவும் வந்தது. தோல் கிழியவில்லை. அருமையான தோல். வெறுமனே விலகி வழிவிட்டது. காலுக்கு இதமாக விலகிக் கொடுக்கத்தானே அதைப் பதப்படுத்துகிறார்கள்.

இதே கையுறையோடு இன்னும் ஐந்து பேர் மைதானத்தில் நிற்கிறார்கள். பாய்க்குப் போன் போட்டேன்.

"பிராக்டிஸை நிறுத்துங்க பாய்."

"ஏன் சார், அங்க மழையா?"

"பந்தைக் கீழே வைங்க. நான் வந்து சொல்றேன்."

அவருக்கு என் குரலில் என்ன கேட்டதோ, மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் அவர் பட்டறையில் வைத்து அந்தக் கையுறையை அவர் கையில் கொடுத்துக் குத்தச் சொன்னேன். குத்தினார். தன் முஷ்டி மறுபக்கம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பழக்கதோஷத்தில் கட்டை விரலால் தோலை உருட்டினார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அடிபட்ட அன்றே அந்தப் பெண்ணின் அம்மா கம்பெனி யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு நேராக வந்திருந்தார். என்னைத்தான் பொறுப்பானவன் என்று நினைத்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டவன் நான் ஒருவன்தானே.

"வோணாம் சார். பொம்பளப் புள்ள மூஞ்சி. கண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நான் யாராண்ட போய் நிக்கிறது? பேரை எடுத்துடுங்க."

"அம்மா, நீ சும்மா இரும்மா," என்றது கட்டுக்குள்ளிருந்து வந்த குரல்.

"நீ வாய மூடு. வாய் பேசித்தான் இந்த கெதி."

வீக்கம் வடிந்த பிறகுதான் கண்ணின் உட்புறத்தைச் சரியாகப் பார்க்க முடியும் என்றார் டாக்டர். பார்வைக்கு ஆபத்து இருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்பது என் உத்தியோகத்தில் நாங்கள் ஒருபோதும் கோப்பில் எழுதாத சொல்.

தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினான்காவது விதிப்படி அவள் தேர்வுக்கு வரக் கூடாது. பதினைந்தாவது விதிப்படி வராவிட்டால் இடம் இல்லை. மருத்துவச் சான்று வரும்வரை அவளுடைய இடத்தை நிறுத்திவைக்கலாமா என்று தெளிவுரை கேட்டு மாநிலச் சங்கத்துக்கு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. எழுதத் தெரியாதவர்களுக்குத்தான் பதில் வராது என்று பணிக்காலம் முழுவதும் நம்பியிருந்தேன். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். போன் செய்தேன். எடுத்தவர், கடிதம் உரிய பிரிவில் இருக்கிறது என்றார். நானே எத்தனையோ பேருக்குச் சொன்ன வாசகம் அது. இவ்வளவு குளிராக இருக்கும் என்று தெரியாது.

இதற்கிடையில் அவள் மைதானத்துக்கு வர ஆரம்பித்தாள். ஆடவில்லை, கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு என் பக்கத்து நாற்காலியில். அவள் இடத்தில், ஆறு பேரில் சின்னவளான ஒன்பதாம் வகுப்புப் பெண் நின்றாள். நல்ல கால், நல்ல கை, பேச்சே கிடையாது. புதிய கையுறைகளைப் பாய் பெண்களிடமிருந்து திரும்ப வாங்கி வைத்துவிட்டதால், ஓடுவதும் ரப்பர் பந்தைப் பிடிப்பதுமாகப் பயிற்சி நடந்தது. ஒரு நாள் பாய் ஒரு பந்தை மேலே தூக்கி அடித்தார். தேர்டுக்காரி அண்ணாந்துகொண்டு ஓடி வந்தாள். ஒன்பதாம் வகுப்புக்காரியும் அண்ணாந்துகொண்டு ஓடினாள். இருவரும் ஒரே புள்ளியை நோக்கி, ஒருவரை ஒருவர் பார்க்காமல். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தேர்ட், உனுது! ஷார்ட், நில்லு!" என்று என் காதருகே இடி விழுந்தது.

சின்னவள் ஆணி அடித்தது போல நின்றாள். மற்றவள் பந்தைப் பிடித்தாள். என் பக்கத்து நாற்காலிக்காரி, காதைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "சாரி சார்," என்றாள்.

அன்று சாயங்காலம் பாயும் நானும் பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு.

"அவளுக்கு இதான் கடேசி வருஷம் சார். புதுசா டீம் கட்டுறோம். சின்னப் பசங்கள வெச்சாதான் மூணு வருஷம் ஓடும். ஒரு வருஷத்துக்கு அவள வெச்சி இன்னா பண்றது? நீங்களே சொல்லுங்க."

"மூணு வருஷம் ஓடணும்னா முதல்ல ரெண்டு பேரும் மோதிக்காம இருக்கணும், பாய்."

பாய் தாடியைச் சொறிந்தார். பிறகு, "கண்ணுதான் மூடியிருக்கு, வாய் மூடல," என்றார். அவர் பேச்சில் அது முக்கால் சம்மதம். ஆனால் தேர்வு நாளை நகர்த்த முடியாதே என்றார்.

தேர்வுக்கான உபகரணங்கள் பாதுகாப்பானவை என்று குழு உறுப்பினர் ஒருவர் சான்றளித்த பிறகே தேர்வு தொடங்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அந்தக் கையெழுத்து இந்த ஆண்டு என்னுடையது. நான் போட மாட்டேன் என்றேன். கையுறைகள் தகுதியற்றவை, தகுதியான கையுறை வரும்வரை தேர்வு ஒத்திவைப்பு. ஒத்திவைத்த தேர்வு நடக்காத தேர்வு ஆகாது, நடந்து முடிந்த தேர்வும் ஆகாது.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் தெச்ச மாலுக்குக் குறை எழுதப் போறீங்க."

"ஆமா."

"அந்தப் பொண்ணுக்காகத் தள்ளுறீங்க. அத்த நேரா சொல்லுங்களேன்."

"எனக்காகத் தள்ளுறேன். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இன்னா," என்றார் பாய். "தூக்கமே பேஜாரா போச்சு சார்." எழுந்து போய்க் கிடங்கிலிருந்து அந்தப் பழைய சாக்கை இழுத்து வந்தார். பலகைக் கையுறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இற்றுப்போன வலைகளை அறுத்தெறிந்து, செருப்பின் அடியில் வைக்கும் தடித்த சோல் தோலில் பட்டை வெட்டிப் புது வலை பின்னினார். பல நாள் பட்டறை வேலை கெட்டது. ஒவ்வொன்றையும் முடித்ததும் என்னிடம் கொடுப்பார். நான் முஷ்டியால் குத்துவேன். என் விரல் முட்டிகள் வீங்கின; ஆனாலும் அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

கண் டாக்டரின் சான்று வந்தது. பார்வை முழுமையாக இருந்தது. அவளுடைய அம்மா அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, "நான் பாக்க வர மாட்டேன் சார். நீங்க பாத்துக்கோங்க," என்று மட்டும் சொன்னார். நான் கையுறைகளுக்குக் கையெழுத்துப் போட்டேன். தேர்வு தொடங்கியது.

பார்த்துக்கொள்ளச் சொன்னாரே தவிர, என்னால் பார்க்க முடியவில்லை. மரத்துக்குப் பின்னால் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவளுடைய குரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். குரல் இருக்கும்வரை கண் இருக்கிறது. "செகண்ட், தள்ளி நில்லு." இருக்கிறது. "தேர்ட், தூங்குறியா?" இருக்கிறது. மட்டைச் சத்தம். தரையில் பந்து கல்லைத் தேய்க்கும் சத்தம். "என்னுது."

பிறகு எதுவுமில்லை.

அந்த இடைவெளியை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒரு தடவை அதற்குள் இருந்திருக்கிறேன். மரப்பட்டையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தேன். பாலாற்றுப் பக்கம் ஒரு லாரி கியர் மாற்றியது. இந்தப் பட்டியல், இந்தக் கையெழுத்து, இந்த ஒத்திவைப்பு எல்லாம் என் வேலை. இப்போது திரும்பிப் பார்க்க வேண்டியதும் நான்தான் என்று தோன்றியது. கால் திரும்பவில்லை.

தடித்த தோலில் பந்து விழும் ஓசை, மொத்தென்று. "ஃபர்ஸ்ட்! ஃபர்ஸ்ட்!" என்று அவள் குரல். ஃபர்ஸ்ட்காரியின் கையுறையில் இன்னொரு மொத்து.

"சார், வெளிய வாங்க," என்று பாய் கத்தினார். "உங்க ஆளு உசுரோடதான் இருக்கா."

முதல் சில பந்துகளுக்கு அவள் முகத்தைத் திருப்பியதாகவும் இரண்டைத் தவறவிட்டதாகவும் பாய் சொன்னார். அதற்காகப் பெயரை வெட்டலாமா என்று கேட்டேன். "அதுக்கப்புறம் வந்ததுக்கெல்லாம் முகத்த குடுத்தா சார். அத்தத்தான் எழுதிக்கினேன்," என்றார். உண்மையில் சிக்கல் தேர்டுக்காரிதான். அணியிலேயே பலமான கை அவளுடையது. விபத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவள் அவள். அன்றிலிருந்து பந்து கிளம்பும்போதே கண்ணை மூடிக்கொள்கிறாள். பயத்தில் நானும் அவளுடைய கட்சி. பாயே முடிவு சொன்னார். "அவள தூரமா அவுட்ஃபீல்டுல நிறுத்தலாம். பந்து அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பயம் தெளிஞ்சிடும்." உள்வட்டத்திலிருந்து வெளியே போனவள் அவள்தான்; அணியிலிருந்து போகவில்லை. ஒன்பதாம் வகுப்புக்காரி மாற்று ஆள். ஷார்ட் ஸ்டாப், ஷார்ட் ஸ்டாப்பாகவே நின்றாள்.

மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், இரண்டாவதில் தோற்றார்கள். நான் போகவில்லை. பாய் போனை மைதானத்துப் பக்கம் பிடித்துக்கொள்ள, நான் வீட்டில் அவளுடைய கத்தலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலை, பங்கேற்புச் சான்றிதழின் நகலில் சான்றொப்பம் வாங்க அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஓய்வு பெற்றவனின் சான்றொப்பம் செல்லாது என்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். மாநிலச் சங்கத்தின் உறை. தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி ஆட்டக்காரரின் இடத்தை நிறுத்திவைக்கவோ அதன் பொருட்டுத் தேர்வைத் தள்ளிவைக்கவோ விதிகளில் வழிவகை இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு.

"அப்போ நான் ஆடலியா சார்?"

"விதிப்படி ஆடலை."

அவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. தெரு முனை வரை சிரித்துக்கொண்டு போனதைக் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடிதம் உரிய காலத்தில் வந்திருந்தால் நான் அதற்குக் கீழ்ப்படிந்திருப்பேன். கையுறைகளை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, குறித்த நாளில் தேர்வை நடத்தி, அவள் பெயர் இல்லாத பட்டியலில் கையெழுத்துப் போட்டிருப்பேன். மேலிடத்து உத்தரவை மீறியவன் இல்லை நான். வெளியே தெருவில் பழைய கோரைப்பாய்களும் டயரும் எரிந்த புகை இன்னும் கலையவில்லை. பேனாவை எடுத்து, கடிதத்தின் மூலையில், வழக்கம்போல் வந்து சேர்ந்த தேதியைக் குறித்தேன்: போகி.